கறுப்புக் கோடு கடைசியில் விழ வேண்டும்: ஓஜிப்வே கதை ஓவிய ஸ்கிரீன் பிரிண்டுகள், வாங்குவோருக்கான மதிப்பீடு

ஓஜிப்வே என்ற வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஓவியம் ஒன்றை வீட்டுச் சுவரில் மாட்ட நினைப்பவருக்குக் கனடாவில் கிடைப்பவை நாலு விதம். அசல் அக்ரிலிக் ஓவியம் ஒன்று. எண்ணிட்டு, பென்சிலால் கையொப்பமிட்ட ஸ்கிரீன் பிரிண்ட் இன்னொன்று. ஓவியத்தை ஸ்கேன் செய்து மை தெளித்து எடுக்கும் ஜிக்லே அச்சு மூன்றாவது. மிச்சமெல்லாம் ஒஃப்செட் போஸ்டர், கோப்பை, சால்வை, குளிர்சாதனப் பெட்டிக் காந்தம். இவற்றில் கொடுக்கிற காசுக்கு நியாயம் செய்வது ஸ்கிரீன் பிரிண்ட்தான். அசலின் விலையில் சிறு பங்கு என்பது அதற்கு இரண்டாவது காரணம். முதற்காரணம், இந்த ஓவிய மரபும் அந்த அச்சு முறையும் அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒன்றுக்கொன்று பொருந்துவது.

வுட்லண்ட் பாணி என்று அழைக்கப்படும் இந்த மரபை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் நோர்வல் மொறிசோ. ஒன்ராறியோவின் நிப்பிகன் ஏரிப் பக்கத்தில் தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவர். ‘செப்பு இடிப்பறவை’ என்ற தன் பெயரைக் கிறீ என்ற அயல் பழங்குடி மொழியின் எழுத்துகளில் எழுதிக் கையொப்பமிட்டவர். 1962 இல் ரொறன்ரோவில் நடந்த அவருடைய முதல் கண்காட்சியில் வைத்த படங்கள் எல்லாம் விற்றுப்போயின. அவருக்கு முன்னால் இருந்தவை பேர்ச் மரப்பட்டைச் சுருள்களில் கீறிய உருவங்களும் பாறை ஓவியங்களும். சுப்பீரியர் ஏரிக்கரையில் அகாவா பாறையில் செங்காவியால் தீட்டிய மிஷிபெஷு இன்றும் தெரிகிறது: கொம்பு வைத்த நீர்ச்சிறுத்தை, முதுகெல்லாம் முள், பக்கத்தில் படகு.

இந்தப் படங்களில் தடித்த கறுப்புக் கோடு உருவத்தைச் சுற்றி ஓடும். உடலுக்குள்ளே எலும்பும் இதயமும் குடலும், சில வேளை வயிற்றில் குட்டியும் தெரியும். ஓர் உருவத்தின் வாயிலிருந்தோ தலையிலிருந்தோ கிளம்பும் மெல்லிய கோடு இன்னோர் உருவத்தைப் போய்த் தொடும். அது இரண்டுக்கும் இடையில் ஓடும் ஆற்றல். இரண்டாகப் பிளந்த வட்டம் பகலும் இரவும், நன்மையும் தீமையும் போன்ற இணைகளைக் குறிக்கும். கோட்டுக்கு உட்பட்ட இடமெல்லாம் நிழலும் ஒளியும் இல்லாத தட்டையான நிறம்.

கோடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஓஜிப்வே இலக்கணமே காட்டிக்கொடுக்கும். நமக்கு உயர்திணை, அஃறிணை இருப்பதுபோல அவர்களுக்கு உயிருள்ள திணை, உயிரற்ற திணை என்று இரண்டு உண்டு. அன்றாடச் செய்தியும் நடந்த சம்பவமும் ‘திபாஜிமோவின்’. அது உயிரற்ற திணை. நானபுஷ் என்ற குறும்பு நாயகன், இடிப்பறவை, மிஷிபெஷு வரும் பழங்கதை ‘ஆடிஸோகான்’. அது உயிருள்ள திணை. கதையே உயிருள்ள ஒருவர். அப்படியானால் சுவரில் தொங்குவதைக் கதைக்கு வரைந்த விளக்கப்படம் என்று நினைப்பதைவிட, அந்த ஒருவரின் உருவப்படம் என்று நினைப்பதே பொருத்தம். கோடு அறுந்தால் உருவம் அறுந்தது.

இனி அச்சு. கலியாண அழைப்பிதழும் கடைத் துணிப்பையும் ஸ்கிரீன் பிரிண்டில் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு முறை புதிதல்ல. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய திரை. மை போகக்கூடாத இடம் அடைக்கப்பட்டிருக்கும். மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே சீராக இழுத்தால் திறந்த இடத்தால் மட்டும் மை தாளில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை, ஒரு தாளுக்கு ஒரு இழுப்பு. 8 நிறப் படத்தில் 100 பிரதி என்றால் குறைந்தது 800 இழுப்பு, ஒவ்வொரு நிறமும் காய்ந்த பிறகே அடுத்தது. சேதம் போக நூறு தேற வேண்டுமென்பதால் கூடுதலான தாள்களோடுதான் வேலையைத் தொடங்குவார்கள்.

வெளிர் நிறங்கள் முதலில் இறங்கும், கறுப்பு கடைசியில். இந்த வரிசையில்தான் பொருத்தத்தின் இரகசியம் இருக்கிறது. ஒவ்வொரு நிறத்தையும் கறுப்புக் கோடு விழப்போகும் இடத்துக்குள் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நீட்டி அடிப்பார்கள். கறுப்பு அதன்மேல் இறங்கும்போது நிறங்களின் ஓரப் பிசிறு எல்லாம் அதற்குள் மறைந்துவிடும். நீர்வண்ண ஓவியத்தை ஸ்கிரீனில் எடுக்கப் போனால் குழைவு முழுவதும் போய்விடும். வுட்லண்ட் ஓவியத்தில் இழக்க அப்படியொரு குழைவே இல்லை. தட்டை நிறம் தட்டையாகவே இறங்குகிறது, மையின் கனம் கோட்டுக்குச் சற்றே மேடான உடல் கொடுக்கிறது.

இதை ஓவியர்களே கண்டுகொண்டார்கள். 1973 இல் ஒன்ராறியோவின் வடமேற்கு மூலையில், ரெட் லேக் ஊரில், ககேகாமிக் சகோதரர்கள் மூவர் (ஹென்றி, ஜோஷிம், கோய்ஸ்) ‘ட்ரிப்பிள் கே’ என்ற கூட்டுறவு அச்சகத்தைத் தொடங்கினார்கள். இவர்கள் மொறிசோவின் மனைவி வழி உறவினர். சாண்டி லேக் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். 1980களின் தொடக்கம் வரை அங்கிருந்து மொறிசோ, சோல் வில்லியம்ஸ், பாரி பீற்றர்ஸ், ககேகாமிக் சகோதரர்கள் முதலியோரின் படங்கள் குறைந்த எண்ணிக்கைப் பதிப்புகளாக வந்தன. தென் நகரத்து முகவர் சொல்லும் படத்தை, அவர் சொல்லும் விலைக்கு வரைந்து கொடுக்கும் நிலைக்கு அது ஒரு மாற்று. அதே காலத்தில் மானிட்டூலின் தீவின் விக்வெமிகொங்கில் பிறந்த டாஃப்னி ஓஜிக், வின்னிப்பெக்கில் சொந்த அச்சு நிறுவனமும் கடையும் நடத்தினார். 1973 இல் ஏழு பழங்குடி ஓவியர்கள் ஒரு சங்கமாகக் கூடியதும் அவரைச் சுற்றித்தான்.

இன்று ஏலத்திலும் பழைய ஓவியக் கடைகளிலும் வரும் ட்ரிப்பிள் கே அச்சுகள் எங்கள் மதிப்பீட்டில் இந்த வகையின் மிகச் சிறந்த கொள்முதல். ஓவியரும் அச்சிட்டவரும் ஒரே சமூகம். சில வேளை ஒரே ஆள். நிறங்களைக் குறைவாக எடுத்து, கறுப்புக்கு வேண்டிய இடம் விட்டு, அச்சுக்கென்றே வரைந்த படங்கள் அவற்றில் உண்டு. ஓவியத்தைப் படம்பிடித்து அச்சாக்கியதில் அந்தத் திட்டமிடல் வராது.

வாங்குமுன் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அச்சைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பத்து மடங்கு பெருக்கும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். நிறம் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் புள்ளியே இல்லாமல் பூசியதுபோல் ஒரே மை தெரியும். நாலு நிறப் புள்ளிகள் சிறு பூவைப்போல் வட்டம் கட்டி நின்றால் அது ஒஃப்செட். ஒழுங்கில்லாமல் தெளித்த நுண்துளி என்றால் ஜிக்லே. பிறகு தாளைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடியுங்கள். கறுப்புக் கோடு மற்ற நிறத்தின்மேல் ஏறி இருப்பது மெல்லிய மேடாகத் தெரிய வேண்டும். அதே சாய்வில் கையொப்பத்தையும் பாருங்கள். பென்சில் கரி மினுங்கும், தாளும் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அச்சிட்ட கையொப்பத்தில் இரண்டும் இராது.

ஓரத்தில் 34/100 என்று இருந்தால் நூறில் முப்பத்துநாலாவது பிரதி. ஒன்றாம் எண் உயர்ந்தது, தொண்ணூறாம் எண் தாழ்ந்தது என்று கேட்கும் விலைக்கு ஸ்கிரீன் பிரிண்டில் நியாயம் இல்லை. பிரதிகளை அடித்த வரிசையிலேயே எண்ணிடுவதும் கிடையாது. ‘ஏ.பி.’ என்று இருந்தால் ஓவியருக்கென ஒதுக்கிய பிரதி; வழக்கமாகப் பதிப்பின் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும். நூறு பிரதிக்கு நாற்பது ஏ.பி. என்றால் கேள்வி கேளுங்கள்.

குறைகளில் மன்னிக்கக்கூடியவையும் கூடாதவையும் உண்டு. கறுப்புக்கும் நிறத்துக்கும் நடுவில் மயிரிழையாக வெள்ளைத் தாள் தெரிந்தால், அச்சடித்தபோது தாள் சுருங்கியோ விரிந்தோ இருக்கிறது. முதல் நிறம் ஈரப்பதமான நாளிலும் கடைசி நிறம் ஹீற்றர் எரியும் உலர்ந்த நாளிலும் இறங்கினால் இப்படி ஆகும். ஓரிடத்தில் இருந்தால் பரவாயில்லை. படம் முழுக்க ஒரே பக்கமாக விலகியிருந்தால் வேறு பிரதி தேடுங்கள். கடுகளவு நிறப்பொட்டு, திரையில் விழுந்த ஊசித்துளை, சிறு குறை. நிறத்தின் நடுவே மங்கிய திட்டு, மை வலையில் காய்ந்து அடைத்ததால் வந்தது. பளபளப்பான தோலுரிந்த தழும்பு இருந்தால் காயுமுன் அடுக்கியதில் தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அதைத் தவிர்த்துவிடுங்கள். தாளின் ஓரத்தைச் சுற்றி மஞ்சளோ பழுப்போ சட்டம்போல் ஓடினால் அமிலமுள்ள மலிவு அட்டையில் பல வருடம் கிடந்திருக்கிறது. அந்தக் கறை தாளுக்குள்ளே இறங்கியது, துடைத்தால் போகாது.

ஜிக்லேயை மொத்தமாக ஒதுக்கச் சொல்லவில்லை. இன்று வரையும் இளைய ஓவியர்கள் பலர் தங்கள் வேலையைத் தாங்களே விற்க அதுவே வழி, காசும் நேரே அவர்களுக்குப் போகிறது. நூறு சதவீதப் பருத்தித் தாளா, பிக்மென்ட் (நிறத்துகள்) மையா என்று கேளுங்கள். சாயமை என்றால் வெயிலில் சீக்கிரம் வெளிறும். எத்தனை பிரதி என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கணினியில் கோப்பு இருக்கும்வரை இன்னொன்று எடுக்கத் தடையில்லை. தரத்தில் ஜிக்லே தோற்கும் இடம் கறுப்புக் கோடுதான். தூரத்தில் நன்றாக இருக்கும், கிட்டப் போனால் கோட்டுக்கும் நிறத்துக்கும் ஒரே தளம்.

கோப்பை, காந்தம், சால்வை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓவியரின் பெயரும் அவருடைய சமூகத்தின் பெயரும் அட்டையில் இருந்தால் பரிசாகக் கொடுக்கலாம். கோப்பையில் படம் வளைந்து சுற்றுவதால் ஆற்றல் கோடு கைப்பிடியில் போய் அறுந்துவிடும். சால்வையில் அந்தக் குறை இல்லை. பெஞ்சமின் சீ சீயின் பறக்கும் வாத்துகளை எல்லா அன்பளிப்புக் கடையிலும் பார்க்கலாம். நாலைந்து கோட்டில் பறவையை நிறுத்திய அபாரமான கை. அவர் 1977 இலேயே இறந்துவிட்டார். கடையில் இருப்பவை பெரும்பாலும் எண்ணிக்கை வரம்பில்லாத ஒஃப்செட் பிரதிகள், கையொப்பமும் அச்சு. போஸ்டர் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அசல் ஓவியம் வாங்க விரும்புவோருக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: ‘மலிவாக ஒரு மொறிசோ’ என்று வருவதைத் தொடாதீர்கள். 2023 மார்ச்சில் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸாரும் தண்டர் பே பொலிஸாரும் 8 பேர்மீது குற்றம் சாட்டி, போலி என்று கருதப்பட்ட 1,000க்கு மேற்பட்ட படங்களைக் கைப்பற்றினார்கள். பிறகு வந்த குற்ற ஒப்புதல்களில் ஒரு பட்டறையின் வேலைமுறை வெளியானது. ஒருவர் பென்சிலால் உருவத்தின் கோட்டைப் போட்டு, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று எழுத்துக் குறியிட்டுக் கொடுப்பார். மற்றவர்கள் குறியைப் பார்த்து நிறம் நிரப்புவார்கள். தாத்தா சொன்ன கதையைச் சிறுபிள்ளைகளின் வண்ணம் தீட்டும் கொப்பியாக்கிய வேலை அது.

அசல் என்று சொல்லும் சான்றுப் பத்திரம் இருந்தால் போதும் என்றும் நம்ப வேண்டாம். 20,000 டொலருக்கு 2005 இல் வாங்கிய மொறிசோ படத்துக்காக ஓர் இசைக்கலைஞர் தொடுத்த வழக்கில், 2019 இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு 60,000 டொலர் வழங்கத் தீர்ப்பளித்தது. படம் முன்பு யார் யார் கையில் இருந்தது என்று விற்ற கூடம் கொடுத்த பூர்வீகக் குறிப்பு பொய் என்பதே தீர்ப்பின் மையம். வழக்குக்கு அவர் செலவழித்த வருடங்களைத் தீர்ப்பால் திருப்பித் தர முடியாது. சாதாரணக் குடும்பம் அந்தப் பணத்தை வைத்து, உயிரோடிருக்கும் ஓவியரிடமே நேரில் ஓர் அசல் வாங்கலாம்.

நேரில் வாங்கும்போது கேட்க வேண்டியது அதிகமில்லை. எந்தச் சமூகத்தவர், படத்தில் இருப்பது எந்தக் கதை, அதை வரைய அவருக்கு எங்கிருந்து உரிமை வந்தது. மூன்றாவது கேள்வி மரியாதைக் குறைவல்ல. மொறிசோ வரையத் தொடங்கியபோது, வெளியாருக்குக் காட்டக்கூடாததைக் காட்டுகிறார் என்று அவருடைய சொந்த மூத்தவர்களே எதிர்த்தார்கள். மிதேவிவின் என்ற மருத்துவச் சங்கத்தின் பட்டைச் சுருள் உருவங்கள் சடங்குக்குரியவை. அவற்றை அப்படியே எடுத்துப் போட்ட படத்தைப் பெயர் தெரியாதவர் விற்றால் விலகிவிடுங்கள். ‘பழங்குடிப் பாணி’ என்று மட்டும் எழுதியிருந்தால் பெரும்பாலும் பழங்குடியினர் யாரும் அதைத் தொடவில்லை என்று பொருள். அமெரிக்காவில் 1990 ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி ஏமாற்றி விற்பது தண்டனைக்குரிய குற்றம். கனடாவில் அதற்கு நிகரான சட்டம் இல்லை. வாங்குபவரின் கேள்விதான் காவல்.

முழுக் கதையையும் சொல்லுங்கள் என்று ஜூலை மாதத்தில் கேட்டால் பலர் மறுப்பார்கள். அதை அக்கறையின்மை என்று எடுக்காதீர்கள். ஆடிஸோகான் பனி தரையில் கிடக்கும் காலத்தில் சொல்வது. பாம்பும் தவளையும் நீருக்கடியில் வாழும் மற்றவர்களும் விழித்திருக்கும் காலத்தில் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. படத்தில் யார் இருக்கிறார் என்று மட்டும் கேட்டால் எப்போதும் சொல்வார்கள். வெள்ளத்தின் அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்த மஸ்க்ராட் என்ற சிறு நீர் விலங்கையும், அந்த மண்ணை முதுகில் தாங்கிய ஆமையையும் அடையாளம் கண்டுகொள்ளப் பழகினால், அடுத்த பத்துப் படங்கள் தாமாகத் திறக்கும். கண்ணைப் பழக்க ரொறன்ரோவுக்கு வடக்கே கிளைன்பேர்க்கில் உள்ள மக்மைக்கல் கலைக்கூடமும், தொலைவில் என்றால் தண்டர் பே கலைக்கூடமும் நல்ல இடங்கள். இரண்டிலும் வுட்லண்ட் ஓவியத் தொகுப்பு உண்டு.

சட்டம் போடும் செலவு அச்சின் விலையைத் தாண்டுவது சாதாரணம். அதில் மிச்சம் பிடித்தால் அச்சை இழப்பீர்கள். அமிலமற்ற பருத்தி அட்டை கேளுங்கள். அட்டையின் சாளரம் படத்தைவிடப் பக்கங்களில் ஒரு சென்ரிமீற்றரும் கீழே இரண்டு சென்ரிமீற்றரும் பெரிதாக இருந்தால் எண்ணும் கையொப்பமும் தெரியும். படத்தை மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும், ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமைப் பசையும் கொண்டு தொங்கவிட வேண்டும். நாலு பக்கமும் ஒட்டினால் பருவத்துக்குப் பருவம் தாள் விரிந்து சுருங்க இடமில்லாமல் அலை அலையாக எழும்பும். சூடுவைத்து அட்டையோடு அழுத்தி ஒட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைப் பிறகு பிரிக்க முடியாது, மறுவிற்பனை மதிப்பும் அன்றோடு போயிற்று. கண்ணாடி மையைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரம் கோத்து மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடக் கொடுக்கும் காசு வீணல்ல.

மாட்டும் இடம்: ஹீற்றருக்கு நேர்மேலே வேண்டாம். குளிர்காலத்தில் வெளிச்சுவர் குளிர்ந்து ஈரம் பிடிக்கும், உட்சுவர் நல்லது. வெளிச்சுவர்தான் இருக்கிறது என்றால் சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் பொத்தான் ஒட்டிக் காற்றுப்போக இடைவெளி விடுங்கள். மேற்கு யன்னல் வெயில் படக்கூடாது. தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சாமி விளக்கின் கரியும் சட்டத்தின் இடுக்கால் உள்ளே போகும். நம் வீடுகளில் குசினிச் சுவரையும் சாமித்தட்டுப் பக்கத்தையும் தவிர்ப்பதே வழி.

தபாலில் வாங்கினால் தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கிரீன் மை கனமானது, இறுக்கிச் சுருட்டினால் வெடிக்கும். குழாய்தான் என்றால் 10 சென்ரிமீற்றருக்குக் குறையாத விட்டம் வேண்டும். ஜனவரியில் வாசலில் கிடக்கும் குழாயைக் கொண்டுவந்த உடனே திறக்காதீர்கள். வீட்டின் சூடான காற்று குளிர்ந்த தாளில் பட்டு நீராகப் படியும். ஒரு நாள் முழுக்க மூடியபடியே அறையில் வைத்து, அடுத்த நாள் கை கழுவித் துடைத்தபின் திறந்து, சுத்தமான தாள் இரண்டுக்கு நடுவில் விரித்து, மேலே பாரமான பலகை ஒன்றை வைத்துவிடுங்கள். சட்டக் கடைக்கு அதன் மறுநாள் போகலாம்.